முடி நட்ட பிறகு புண்ணை ஆற்றுவது எப்படி: மேலே பத்து நாள், பின்னால் மூன்று மாதம்

ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்துகொண்டு வீட்டுக்கு வருகிறவர்கள் அடுத்த இரண்டு வாரமும் முன்நெற்றியையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நட்ட முடி நிற்குமா, குளித்தால் போய்விடுமா, தலையணையில் ஒன்று கிடக்கிறதே என்று ஒரே கவலை. நியாயமான கவலைதான், ஆனால் அதற்கு ஆயுள் பத்து நாள். முடி எடுத்த பின்மண்டைப் புண்ணுக்கு, அதிலும் தோலைப் பட்டையாக வெட்டித் தைத்திருந்தால், குறைந்தது மூன்று மாதக் கவனம் வேண்டும். அந்த இடம் கண்ணாடியில் தெரியாது, வலியும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும், அதனால் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள். தழும்பு அகலமாகிவிட்டது என்று பிறகு வருத்தப்படுகிறவர்களிடம் பேசிப் பாருங்கள், பாதிக் காரணம் தைத்தவர் கையில் இருந்தாலும் மீதிக் காரணம் இந்த மறதியில் இருக்கும்.

எனக்குப் பட்டை முறையில்தான் செய்தார்கள். அதன்பிறகு செய்துகொள்ளப் போகிற நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று பலரும் கேட்ட கேள்விகளுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே ஒன்றாக எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் கொடுத்த தாளில் வேறு மாதிரி இருந்தால் அதையே பின்பற்றுங்கள், உங்கள் தோலை நேரில் பார்த்தவர் அவர்தான்.

எங்கெங்கே என்ன புண்

எஃப்யூடி என்கிற பட்டை முறையில் பின்மண்டையில் காதுப் பக்கத்திலிருந்து காதுப் பக்கம் வரை ஒரு மெல்லிய தோல் பட்டையை எடுப்பார்கள். அகலம் 1 முதல் 1.5 சென்டிமீட்டர் இருக்கும், நீளம் எத்தனை முடி வேண்டும் என்பதைப் பொறுத்து 20 சென்டிமீட்டருக்கு மேலும் போகும். எடுத்த பட்டையை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து முடிக்கற்றைகளாகப் பிரிப்பார்கள், வெட்டிய இடத்தின் இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். ஆக அங்கே இருப்பது ஒரே ஒரு நீளமான புண், அதுவும் இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டே இருக்கிற புண்.

எஃப்யூஇ முறையில் தையலே கிடையாது. 0.8 முதல் 1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பஞ்ச் கருவியால் ஒவ்வொரு கற்றையாகத் தோண்டி எடுப்பார்கள், துளைகளை அப்படியே விட்டுவிடுவார்கள். தோல் அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் தானாக வளர்ந்து மூடிக்கொள்ளும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள். "தையல் இல்லை, தழும்பு இல்லை" என்று விளம்பரத்தில் போடுகிறார்கள், முதல் பாதி உண்மை, இரண்டாவது பாதி பொய். ஒவ்வொரு துளையும் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாக நிற்கும், தலையை ஒட்ட வெட்டினால் தெரியும். 0.9 மில்லிமீட்டர் துளை 2,000 போட்டால் மொத்தம் ஏறக்குறைய 13 சதுர சென்டிமீட்டர் திறந்த புண். அதனால் எஃப்யூஇ செய்தவர்கள் தையல் இல்லையே என்று பின்பக்கத்தைக் கவனிக்காமல் விட வேண்டாம், முதல் ஒரு வாரம் அது உண்மையான புண்தான்.

முன்பக்கத்தில் நட்ட இடத்தில் ஊசியாலோ சின்ன பிளேடாலோ போட்ட ஒரு மில்லிமீட்டர் அளவுக் கீறல்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு கிராஃப்ட், அதாவது வேரோடு நட்ட முடிக்கற்றை. அதைப் பிடித்துவைத்திருப்பது ரத்தம் உறையும்போது உண்டாகிற ஃபைப்ரின் என்ற இழைப்புரதம் மட்டும்தான், வேறு எந்தப் பிடிப்பும் கிடையாது.

நட்ட முடிக்கு முதல் பத்து நாள்

முதல் ஒன்றிரண்டு நாளுக்கு கிராஃப்டுக்கு ரத்த ஓட்டமே இல்லை. சுற்றியுள்ள திசுவிலிருந்து கசிகிற நீரில் இருக்கிற ஆக்சிஜனையும் சத்தையும் வைத்துத்தான் உயிரோடு இருக்கிறது. இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து அந்த இடத்து ரத்தக் குழாய்கள் கிராஃப்டில் உள்ள குழாய்களோடு இணைய ஆரம்பிக்கும், ஒரு வாரத்தில் ஓரளவு உறுதியாகிவிடும். இதைத் தெரிந்துகொண்டால் எந்த நாளில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தானாகப் புரியும். முதல் மூன்று நாள் லேசாக இடித்தாலே கிராஃப்ட் வெளியே வரலாம். ஐந்தாறு நாளில் பொருக்கைப் பிடித்து இழுத்தால் பொருக்கோடு கிராஃப்டும் வரும். பத்து நாள் தாண்டிவிட்டால் முடி உதிரலாமே தவிர வேர் அவ்வளவு சுலபமாக வராது.

ஒரு முடி விழுந்தால் கிராஃப்ட் போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விழுந்த இடத்தில் ரத்தம் வந்ததா பாருங்கள். கிராஃப்ட் வெளியே வந்தால் புள்ளியாக ரத்தம் நிச்சயம் வரும், கையில் கிடைப்பதும் முடியின் அடியில் சதை ஒட்டிக்கொண்டு ஈரமாக இருக்கும். ரத்தம் இல்லாமல் காய்ந்த பொருக்கோடு முடி மட்டும் வந்தால், அது முடித்தண்டு உதிர்வது, வேர் உள்ளே இருக்கிறது. அடியில் சின்ன வெள்ளைக் குமிழ் மாதிரி இருந்தாலும் பயப்பட வேண்டாம், உதிர்கிற எல்லா முடிக்கும் அது இருக்கும்.

இடிப்பது என்று சொன்னேன் அல்லவா, அதுதான் முதல் வாரத்தில் கிராஃப்ட் போவதற்கு முக்கியமான காரணம். ஆட்டோவில் ஏறும்போது மேலே இருக்கிற கம்பி, கார்க் கதவின் மேல் விளிம்பு, சமையலறை அலமாரிக் கதவு, பழைய வீட்டு வாசல் நிலை. முடி நட்ட இடம் மரத்துப்போயிருப்பதால் எவ்வளவு கிட்டே போகிறோம் என்று தோலுக்குத் தெரியாது. ஏறி இறங்கும்போது ஒரு கையை நெற்றிக்கு மேலே குடை பிடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். டி-ஷர்ட், பனியன் எதுவும் தலைவழியாகப் போடாதீர்கள், ஆபரேஷனுக்குப் போகும்போதே பொத்தான் வைத்த சட்டை போட்டுக்கொண்டு போங்கள். விழுந்து கும்பிடுவது, தொழுகையில் நெற்றியைத் தரையில் வைப்பது இரண்டையும் பத்து நாளுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம், உட்கார்ந்த நிலையில் செய்யலாம்.

டூவீலர் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஹெல்மெட்டைப் போடும்போதும் கழற்றும்போதும் அதன் உள்பக்கம் நட்ட இடத்தையும் தையலையும் ஒருசேர உரசும். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது அதைவிடப் பெரிய ஆபத்து. ஆகவே இரண்டு வாரத்துக்கு வண்டியை எடுக்காதீர்கள். பஸ், ரயில், ஆட்டோ, யாராவது ஒருவரின் கார் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், லீவும் அதற்குத் தகுந்தபடி போடுங்கள்.

முதல் ராத்திரியும் வீக்கமும்

முதல் ராத்திரி பின்பக்கத்திலிருந்து இளஞ்சிவப்பாக நீர் கசியும். மரத்துப்போவதற்காகத் தோலுக்கடியில் ஏற்றிய திரவமும் கொஞ்சம் ரத்தமும் கலந்தது அது. தலையணை மேல் பழைய துண்டு போட்டுக்கொண்டால் போதும். சொட்டுச் சொட்டாகச் சிவப்பு ரத்தம் வந்தால் சுத்தமான காஸ் துணியை மடித்து அந்த இடத்தில் வைத்து 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உறைந்த ரத்தம் பிய்ந்துகொண்டு வரும். பின்பக்கத்தை அழுத்தலாம், முன்னால் நட்ட இடத்தை அழுத்தக் கூடாது, அங்கே கசிந்தால் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

தூங்குவதற்கு முதுகைச் சாய்த்து 45 டிகிரி அளவில் படுக்க வேண்டும். இரண்டு மூன்று தலையணையைத் தலைக்குக் கீழே மட்டும் அடுக்காதீர்கள், அப்படி வைத்தால் கழுத்து முன்னால் மடங்கித் தையல் ராத்திரி முழுக்க இழுபடும். முதுகிலிருந்தே சாய்வாக வர வேண்டும், கழுத்துக்குக் கீழே பயணத்துக்கு வாங்குகிற வளையத் தலையணை வைத்தால் தையல் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும். சாய்வு நாற்காலி இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாம் நாள் வாக்கில் பலருக்கு நெற்றி வீங்கும், நான்காம் ஐந்தாம் நாளில் கண் இமை, மூக்கின் மேல்பகுதி வரை இறங்கும், சிலருக்குக் கண் பாதி மூடிக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்கள் பயந்துவிடுவார்கள், முன்பே சொல்லி வையுங்கள். ஏற்றிய திரவம் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான், ஒரு வாரத்தில் வடிந்துவிடும். ஐஸ் ஒத்தடம் புருவத்துக்கு மேலே நெற்றியில் மட்டும் வைக்கலாம், நட்ட இடத்தில் வைக்கவே கூடாது. வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் போடுங்கள். மெடிக்கலில் கேட்டு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாதிரி எதையாவது வாங்கிப் போட்டால் கசிவு கூடலாம். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது, இருதய மருத்துவரிடம் கேட்டபிறகுதான்.

தலை கழுவுவது

பயத்தில் பத்து நாள் தண்ணீரே படாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அது தப்பு. பொருக்கு தடித்துப் போய் அடியில் கிருமி தங்கும், பிறகு அதை எடுக்கும்போதுதான் அதிகச் சேதம். பெரும்பாலான இடங்களில் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் முதல் கழுவலை அவர்களே செய்து காட்டுவார்கள். கூட ஒருவரை அழைத்துப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், பின்மண்டை உங்களுக்குத் தெரியாது.

முதல் சில நாள் மருத்துவமனையில் கொடுக்கிற ஸலைன் ஸ்ப்ரேயை, விழித்திருக்கும்போது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நட்ட இடத்தில் அடிக்க வேண்டும். பொருக்கு காய்ந்து கல்லாகாமல் இருக்க அதுதான் வழி. கழுவும்போது ஷவர் வேண்டாம், வேகம் அதிகம். ஒரு மக்கில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, மென்மையான ஷாம்புவைக் கொஞ்சம் போட்டு நுரையாக்கி, அந்த நுரையைக் கையால் அள்ளி நட்ட இடத்தின் மேல் வைத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். தேய்க்க வேண்டாம், விரலை நகர்த்தவே வேண்டாம். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து மக்கிலிருந்து மெல்ல ஊற்றுங்கள், தண்ணீர் முன்னாலிருந்து பின்னால் ஓட வேண்டும். நட்ட இடத்தைத் துண்டால் துடைக்காதீர்கள், காற்றில் காயட்டும். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம், மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும்.

உங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் ஷாம்பு நுரைக்காது, நுரைக்காததால் கை தானாகத் தேய்க்கப் போகும். அந்தப் பத்து நாளுக்குக் கேன் தண்ணீரோ நல்ல தண்ணீரோ தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் வேறு விதம். அங்கே தையல் மேல் நுரையைப் போட்டு விரல் நுனியால் லேசாகத் தடவலாம், தடவவும் வேண்டும். தையல் நூலைச் சுற்றி ரத்தமும் கசிவும் காய்ந்து முடியோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் தினமும் இளக்கி எடுத்தால்தான் தையல் பிரிக்கும் நாளில் வலிக்காது. கழுவிய பிறகு மருத்துவர் சொன்ன ஆன்டிபயாடிக் களிம்பைத் தையல் மேல் மெல்லியதாகப் பூசுங்கள். புண் லேசான ஈரத்தோடு இருந்தால் சீக்கிரம் மூடும், காயவிட்டால் பொருக்கு கட்டி மெல்லத்தான் மூடும்.

எட்டாம் பத்தாம் நாளில் முன்பக்கப் பொருக்கை எடுக்க ஆரம்பிக்கலாம். முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் நுரையிலோ ஸலைனிலோ நன்றாக ஊற வையுங்கள், பொருக்கு பழுப்பிலிருந்து வெளுத்து மெத்தென்று ஆகும், அப்போது விரலின் சதைப்பகுதியால் வட்டமாகத் தேய்த்தால் தானாக உருண்டு வரும். வராததை நகத்தால் நோண்டாதீர்கள், நாளைக்கு வரும். இரண்டு வாரத்துக்குள் எல்லாம் போயிருக்க வேண்டும். பொருக்கோடு முடியும் வருவது இந்தக் கட்டத்தில்தான், மேலே சொன்ன ரத்தச் சோதனையை நினைவில் வையுங்கள்.

தையலும் தையல் பிரிப்பதும்

ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. என்ன தையல்? நைலான், புரோலீன் போன்ற நூல் என்றால் பிரிக்க வேண்டும். மோனோக்ரில் மாதிரிக் கரையும் நூல் என்றால் தானாகப் போகும், ஆனால் முழுக்கக் கரைய மூன்று மாதத்துக்கு மேலும் ஆகும். சிலர் ஸ்டேப்ளர் அடிப்பார்கள், அது முடிவேரை அவ்வளவாக நெரிக்காது, படுக்கும்போது உறுத்தும், எடுக்கும்போது சுருக்கென்று இருக்கும். ஒரே அடுக்கா, உள்ளே ஓர் அடுக்கும் வெளியே ஓர் அடுக்குமா? இழுவை அதிகம் உள்ள தோலுக்கு உள் அடுக்குத் தையல் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். டிரைக்கோஃபைட்டிக் முறையில் மூடுவீர்களா என்றும் கேளுங்கள். வெட்டிய ஓரம் ஒன்றின் மேல்தோலை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிவிட்டு அதன்மேல் மற்ற ஓரத்தைப் படிய வைத்துத் தைப்பார்கள். சீவிய இடத்தில் இருக்கிற முடிகள் சில மாதத்தில் தழும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வளரும், கோடு கண்ணுக்குத் தெரிவது வெகுவாகக் குறையும். இதைச் செய்யத் தெரிந்தவரிடம் செய்துகொள்வது தழும்புக்கென்று பின்னால் வாங்குகிற எல்லாக் களிம்பையும்விடப் பெரிய லாபம்.

கடைசியாக, தைக்கப் போவது யார் என்று கேளுங்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முறையான அறுவைப் பயிற்சி பெற்ற, பதிவு செய்த மருத்துவர்தான் முடி நடவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பிரிக்கிற தையலை 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். சீக்கிரம் எடுத்தால் ஓரம் விலகலாம், மிகவும் தாமதித்தால் நூல் பதிந்த இடத்தில் படிக்கட்டு மாதிரிக் குறுக்குத் தழும்பு விழும். ஊருக்குப் போகிறேன், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று தள்ளிப்போடாதீர்கள். வெளியூரில் செய்துகொண்டவர்கள் உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் முன்பே பேசி வையுங்கள், ஸ்டேப்ளர் என்றால் அதைக் கழற்றும் கருவி அவரிடம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். எடுக்கப் போகிற அன்று காலையில் தலை கழுவிவிட்டுப் போங்கள். எடுத்து முடித்த பிறகு நல்ல வெளிச்சத்தில் கூட வந்தவரை ஒருமுறை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், முடிக்குள் ஒன்றிரண்டு தையல் ஒளிந்திருப்பது சகஜம்.

பின்மண்டைக்கு மூன்று மாதம்

தையல் பிரித்ததும் எல்லோரும் புண் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தோல் மேலே ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். புண் ஆறுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் வாரத்தில் அந்த இடத்துக்குப் பழைய தோலின் பலத்தில் மிகச் சொற்பமே வந்திருக்கும். மூன்று வாரத்தில் 20 முதல் 30 சதவீதம். மூன்று மாதத்தில்தான் 80 சதவீதத்தை நெருங்கும், அதற்குமேல் எந்தக் காலத்திலும் ஏறாது. அதுவரை அந்தப் பிடிப்பைத் தருவது புதிதாக உண்டாகிற கொலாஜன் இழைகள், அவை இன்னும் ஒழுங்காக அடுக்கப்படாமல், முறுக்கேறாமல் இருக்கின்றன. அந்த நேரத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் புண் பிரியாது, ஆனால் கோடு மெல்ல மெல்ல அகலமாகும். ஒரு மில்லிமீட்டராக நிற்க வேண்டியது நாலைந்து மில்லிமீட்டராக விரிவது இப்படித்தான், வலியே இல்லாமல், தெரியாமல்.

இழுவை எங்கிருந்து வருகிறது? தலையைக் குனியும்போது. தாடையை மெல்ல நெஞ்சை நோக்கிக் கொண்டுபோய்ப் பாருங்கள், பின்மண்டைத் தோல் இறுகுவது தெரியும். தையல் போட்ட முதல் வாரத்தில் இதைச் செய்தால் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். நாம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் குனிந்தே இருக்கிறோம் என்று அப்போதுதான் தெரியவரும், எல்லாம் செல்போனால்தான். போனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள், லேப்டாப்புக்குக் கீழே நாலு தடிப் புத்தகம் வையுங்கள், தட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிடுங்கள். கீழே கிடப்பதை எடுக்க முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுங்கள், இடுப்பை வளைத்துக் குனிய வேண்டாம்.

20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பதைக் குறைந்தது ஆறு வாரத்துக்கு வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள். 20 கிலோவைத் தூக்கிக்கொண்டு தோளையும் கழுத்தையும் முறுக்கி ஊற்றுகிற அந்த ஓர் அசைவில் பின்கழுத்துத் தசை அத்தனையும் சேர்ந்து இழுக்கும். சிலிண்டர் நகர்த்துவது, துணி மூட்டை, குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொள்வது எல்லாம் அதே கணக்கில்தான் வரும். ஜிம் போகிறவர்கள் நடைப்பயிற்சியை நாலைந்து நாளில் தொடங்கலாம், வியர்க்கிற அளவுக்கு இரண்டு வாரம் கழித்து. ஷ்ரக், டெட்லிஃப்ட், சிட்-அப் மூன்றும் கழுத்தை நேராகப் பாதிக்கிறவை, மருத்துவரிடம் கேட்டு, மூன்று மாதம் ஆகும்வரை தொடாமல் இருப்பது உத்தமம். எஃப்யூஇ செய்தவர்களுக்கு இவ்வளவு கட்டுப்பாடு வேண்டியதில்லை, இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் செய்யலாம்.

தினமும் காலையில் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், வீட்டில் யாரையாவது பின்மண்டையைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் ஒன்று போதும். சிவப்பு குறைகிறதா, எங்காவது ஓர் இடம் மட்டும் உப்புகிறதா என்பதெல்லாம் வரிசையாகப் பார்த்தால் ஐந்து நொடியில் தெரியும். மருத்துவரிடம் வாயால் விவரிப்பதைவிட இந்தப் படங்களைக் காட்டுவது எவ்வளவோ மேல்.

மரத்துப்போனது பற்றி ஒரு வார்த்தை. பட்டை எடுக்கும்போது தோலின் சின்ன நரம்புகள் அறுபடுகின்றன, அதனால் தையலுக்கு மேலே உச்சி வரைகூட உணர்வு குறைந்திருக்கும். சில வாரத்தில் திரும்ப ஆரம்பிக்கும், முழுக்கத் திரும்ப ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். திரும்பும்போது எறும்பு ஊர்கிற மாதிரி, ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், அரிக்கும். சொறியாதீர்கள், தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் அரிப்புக்கு மாத்திரை கேளுங்கள்.

சாப்பாடு, சிகரெட், வீட்டு வைத்தியம்

நம் வீடுகளில் புண் இருக்கிறவருக்குப் பருப்பு கொடுக்கக் கூடாது, சீழ் வைக்கும், கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான், முட்டை சூடு என்று ஒரு பட்டியலே உண்டு. அக்கறையில் சொல்கிறார்கள், ஆனால் இதில் பாதியைக் கேட்டாலே புரதம் மொத்தமும் தட்டிலிருந்து போய்விடும். சீழ் வருவது கிருமியால், பருப்பால் இல்லை. கொலாஜன் உண்டாவதற்குப் புரதமும் வைட்டமின் சி-யும் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர், கூடவே கொய்யா, நெல்லிக்காய் என்று தாராளமாகச் சாப்பிடுங்கள். உங்களுக்கு ஒவ்வாமை உள்ள பொருளை மட்டும் தவிர்த்தால் போதும்.

புண் மேல் மஞ்சள், காபித்தூள், தேங்காயெண்ணெய் எதுவும் போடக் கூடாது, அம்மா எவ்வளவு வற்புறுத்தினாலும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது ஒரு மாதத்துக்கு வேண்டாம், தீபாவளி நடுவில் வந்தால் தலையை விட்டுவிட்டு உடம்புக்கு மட்டும் தேய்த்துக்கொள்ளுங்கள். முடிச் சாயம் ஆறு வாரத்துக்குப் பிறகு. கடல், நீச்சல் குளம் ஒரு மாதம் கழித்து. வெயிலில் போனால் பத்து நாளுக்குப் பிறகு தளர்வான தொப்பி போட்டுக்கொள்ளலாம், புதுத் தழும்பு வெயில் பட்டால் கறுத்துப் போகும்.

சிகரெட் விஷயத்தில் நான் யாருக்கும் சலுகை சொல்வதில்லை. நிகோட்டின் தோலின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரத்த ஓட்டமே இல்லாமல் கசிவு நீரில் பிழைத்துக்கொண்டிருக்கிற கிராஃப்டுக்கும், இழுத்துத் தைத்த தோலின் ஓரத்துக்கும் இது நேரடி அடி. ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரமாவது, பின்னால் இரண்டு வாரமாவது முழுக்க நிறுத்துங்கள், வேப் என்கிற மின்சிகரெட் போன்றவையும் இதில் சேரும். மது ஒரு வாரம் முன்னும் பின்னும் வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் செய்துகொள்ளலாம், ஆனால் மூன்று மாதச் சராசரி காட்டுகிற ஹெச்பிஏ1சி பரிசோதனையைப் பார்த்து, கட்டுக்குள் வந்த பிறகுதான் தேதி குறிக்க வேண்டும். தேதி குறித்துவிட்டோமே என்று சர்க்கரையை மறைத்துப் போய்ப் படுப்பவர்கள் தங்கள் தோலைத்தான் பணயம் வைக்கிறார்கள்.

உடனே போன் செய்ய வேண்டியவை

மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், தையலிலிருந்து சீழோ கெட்ட வாடையோ வந்தால், சிவப்பு தையலைத் தாண்டிக் கழுத்து வரை பரவினால், ஓரங்கள் விலகி உள்ளே பிளவு தெரிந்தால், அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், காத்திருக்க வேண்டாம். முன்பக்கத்தில் நட்ட இடத்தின் நடுவில் ஒரு திட்டு மட்டும் ஊதா நிறமாகவோ சாம்பல் கறுப்பாகவோ மாறினால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள், அது ரத்தம் போய்ச் சேராமல் தோல் செத்துக்கொண்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அபூர்வம்தான், புகைபிடிப்பவர்களுக்கும், மிக நெருக்கமாக நட்டவர்களுக்கும் அபாயம் கூடுதல். மாத்திரை போட்டதும் உடம்பெல்லாம் தடித்தாலோ மூச்சுத் திணறினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இவற்றில் சேராதவையும் உண்டு. இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி உதிரும், தையலை ஒட்டிய பழைய முடியும் சிலருக்கு மெலியும். அதிர்ச்சியில் முடிவேர் ஓய்வுக்குப் போகிறது, மூன்று நான்கு மாதத்தில் மறுபடி முளைக்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம், உச்சிக்கு இன்னும் அதிகமாக ஆகும். முளைக்கிற சமயத்தில் அங்கங்கே பரு மாதிரி வரும், வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்தால் அடங்கும், பத்துப் பதினைந்து ஒன்றாகச் சேர்ந்து வந்தால் மட்டும் காட்டுங்கள்.

தழும்பு முதிர்ந்த பிறகு

தழும்பு ஆறு மாதம் வரை சிவந்து, கொஞ்சம் தடித்து இருப்பது இயல்பு, ஒரு வருடத்தில் வெளுத்துப் படியும். அதற்குள் அவசரப்பட்டு எதையும் செய்ய வேண்டாம். தோல் முழுக்க மூடிய பிறகு, மருத்துவர் சரி என்றால், சிலிக்கான் ஜெல் பூசலாம். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்கு முன்பு கெலாய்டு, அதாவது புண்ணின் எல்லையைத் தாண்டித் தடித்து வளர்கிற தழும்பு, வந்திருந்தால் அதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாவிட்டால் இப்போதாவது சொல்லுங்கள். தடித்துக்கொண்டே போகிற தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டு அடக்க முடியும், எவ்வளவு சீக்கிரம் காட்டுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

அகலமாகவே நின்றுவிட்டால் வழி இருக்கிறது. பழைய தழும்பை வெட்டியெடுத்து மறுபடி தைக்கலாம், ஆனால் தோல் தளர்ச்சி இருந்தால்தான், இறுக்கமான தலையில் செய்தால் மறுபடி விரியும். தழும்புக்குள்ளேயே எஃப்யூஇ முறையில் முடி நடலாம், அல்லது முடிப்புள்ளி மாதிரி நிறம் குத்தி மறைக்கலாம். எதுவானாலும் ஒரு வருடம் பொறுத்துத்தான்.

முடிவெட்டப் போகும்போது கடைக்காரரிடம் தழும்பு இருப்பதைச் சொல்லிவிடுங்கள், ஒரு மாதம் வரை கத்தரி மட்டும், அந்தப் பகுதியில் மெஷின் வேண்டாம். பழநிக்கோ திருப்பதிக்கோ மொட்டை போடுவதாக வேண்டுதல் இருப்பவர்கள் முடிந்தால் ஆபரேஷனுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பிறகென்றால் ஆறு மாதமாவது போகட்டும், மருத்துவரையும் கேட்டுவிட்டுப் போங்கள், மொட்டையில் கோடு தெரியும் என்பதையும் ஏற்றுக்கொண்டு போங்கள்.

உள்ளே கரையும் தையல் போட்டவர்களில் சிலருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தழும்பின் மேல் திடீரென்று ஒரு பரு வந்து, அதன் நடுவில் நூல் முனை எட்டிப் பார்க்கும். கரையாமல் நின்றுபோன முடிச்சை உடம்பு வெளியே தள்ளுகிறது. வீட்டில் பிடித்து இழுக்காதீர்கள், நீளமாக இருந்தால் உள்ளே மற்ற இடத்தையும் இழுக்கும். மருத்துவரிடம் போனால் நுனியைப் பிடித்து ஒட்ட வெட்டி எடுத்துவிடுவார், இரண்டு நிமிட வேலை.